கையில் இருந்த வலையும் கையில் இல்லாத முடிவும்

இன்சோம்னியாக் கேம்ஸ் உருவாக்கி, 2018 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 4-இல் வெளிவந்த ‘மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்’ ஆட்டத்தை, 2022-இல் வந்த அதன் கணினிப் பதிப்பில், எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு இப்போதுதான் முடித்தேன். சூப்பர்ஹீரோ ஆட்டங்கள் மீது எனக்குப் பொதுவாகவே ஒரு சலிப்பு உண்டு. அடியாட்கள் வட்டமாகச் சூழ்ந்து நின்று வரிசையில் வந்து அடி வாங்கிப் போவதும், நடுநடுவே நாயகன் வசனம் பேசுவதும், கடைசியில் ஒரு பெரிய கட்டடத்தின் உச்சியில் மழையோடு ஒரு சண்டை நடப்பதும் மாறாத அச்சாகிவிட்டன. இந்த ஆட்டத்திலும் அந்த அச்சு அப்படியே இருக்கிறது. ஆனாலும் இதைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம் ஒன்று உண்டு. தொடக்கம் முதல் என் விரல்களுக்கு வேண்டிய சுதந்திரம் அனைத்தையும் வாரி வழங்கிய ஆட்டம், மிக முக்கியமான ஒரு கட்டத்தில் மட்டும் என்னிடம் எதையுமே கேட்காமல் தன் வழியில் போய்விடுகிறது. அப்படிக் கேட்காமல் விட்டதே இதன் ஆகச் சிறந்த செயல் என்பது என் கட்சி. கதையின் கடைசிக் காட்சி வரை பேசப்போகிறேன் என்பதால், இனிமேல்தான் விளையாடப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

முதலில் விரல்களின் கதை. கன்ட்ரோலரின் ஆர்2 பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஒரு நூல் பாய்ந்து பக்கத்துக் கட்டடத்தில் ஒட்டிக்கொள்கிறது. உடல் சரிந்து இறங்கி, சாலையில் போகும் கார்களின் கூரையை உரசும் அளவுக்குத் தாழ்ந்து, மறுபடியும் மேலேறுகிறது. பொத்தானை எப்போது விடுகிறோம் என்பதில்தான் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. தாழ்ந்த இடத்தைக் கடந்த உடனே விட்டால் வேகம் கிடைக்கும், உயரம் கிடைக்காது. மேலே ஏறி முடிக்கும் தறுவாயில் விட்டால் உயரம் கிடைக்கும், வேகம் குறைந்துவிடும். ஊஞ்சல் ஆடிய எவருக்கும் உடம்பில் ஊறிய கணக்குதான் இது என்பதால், திரையில் வரும் குறிப்புகளைப் படிக்காமலேயே அரைமணி நேரத்தில் பிடிபட்டுவிடுகிறது. அதன் பிறகுதான் நுணுக்கங்கள் தொடங்குகின்றன. உயரத்திலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, தரை நெருங்கும் கடைசி நொடியில் நூலை வீசினால், விழுந்த வேகம் முழுவதும் அடுத்த ஊசலில் வந்து சேர்ந்துகொள்கிறது. எல்2, ஆர்2 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கூரை விளிம்புக்கோ தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்கோ நேராகப் பாய்ந்து போய் அமரலாம். கால் பதியும் கணத்தில் எக்ஸ் பொத்தானைத் தட்டினால் அமராமலேயே அங்கிருந்து எகிறி மேலே போகலாம். இந்த மூன்றையும் அறுபடாமல் கோத்து மன்ஹாட்டனின் தென்முனையிலிருந்து ஹார்லம் வரை ஒரு முறைகூடத் தரையில் கால் வைக்காமல் போவது, ஆட்டம் கொடுக்கும் எந்த மிஷனையும் விட எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது.

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 2000-இல் நெவர்சாஃப்ட் உருவாக்கிய ஸ்பைடர்மேன் ஆட்டத்தில் நூல் வானத்தில் எங்கோ ஒட்டிக்கொள்ளும். எதில் ஒட்டியது என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். 2004-இல் ட்ரேயார்க் உருவாக்கிய ‘ஸ்பைடர்மேன் 2’தான், நூல் ஒட்டுவதற்கு அங்கே உண்மையில் ஒரு கட்டடம் இருந்தாக வேண்டும் என்ற கறாரான விதியைக் கொண்டுவந்து, அந்த ஒரே காரணத்தால் இன்று வரை நினைக்கப்படுகிறது. இன்சோம்னியாக் அந்த விதியை எடுத்துக்கொண்டு அதன் கறாரை மட்டும் தளர்த்தியிருக்கிறது. எந்தச் சுவரில் எந்த இடத்தில் ஒட்டலாம் என்பதை ஆட்டமே நமக்காகத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் உயிர்ப்பட்டை சிறிதும் குறைவதில்லை. விழுந்தால் வலிக்காத ஆட்டத்தில் பறப்பதற்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடில்லை. வலி இல்லாததால்தான் நான் தரைக்கு அவ்வளவு நெருக்கமாகப் போய்ப் பார்க்கத் துணிந்தேன். விதி முற்றிலும் செத்துவிடவும் இல்லை. சென்ட்ரல் பார்க்குக்குள் நுழைந்ததும் ஒட்டுவதற்கு மரங்கள் மட்டுமே இருப்பதால் ஓட்டம் சட்டென்று தாழ்ந்து தடுமாறுகிறது. ஆற்றின் மேல் போனால் நூலுக்குப் பிடிப்பே கிடைக்காமல் தண்ணீரில் விழ வேண்டியதுதான். கட்டடங்கள்தான் இவனுடைய சிறகுகள் என்பதை இந்த இரண்டு இடங்களும் வசனம் இல்லாமல் சொல்லிவிடுகின்றன.

ஊசலாட்டத்தோடு சேர்ந்து வரும் பேச்சையும் குறிப்பிட வேண்டும். பீட்டர் பார்க்கருக்குக் குரல் கொடுத்த யூரி லோவன்தால், ஊருக்கு நடுவே நடக்கும் உரையாடல்களை இரண்டு விதமாகப் பதிவு செய்திருக்கிறார். ஒன்றில் நிதானமாக நின்று பேசுகிறார். மற்றொன்றில் உடலை வருத்திக்கொண்டே மூச்சு வாங்கப் பேசுகிறார். நான் கூரையில் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே குதித்துவிட்டால், ஆட்டம் ஒரு பதிவிலிருந்து மற்றொன்றுக்கு ஓசைப்படாமல் தாவிவிடுகிறது. இதை வேண்டுமென்றே சோதித்துப் பார்ப்பதற்காகவே சில அழைப்புகளின் நடுவில் குதித்தேன். கவனிக்காதவர்களுக்குத் தெரியவே தெரியாத இந்த உழைப்புக்காக, அந்தக் குழு செய்த வேறு பல சோம்பலான காரியங்களை மன்னிக்கலாம். பீட்டர் பேசாத நேரத்தில் ஜோனா ஜேம்சன் தன் நேரலை நிகழ்ச்சியில் ஸ்பைடர்மேனைத் திட்டிக்கொண்டிருப்பார். நாம் சற்றுமுன் செய்த நல்ல காரியத்தையே எடுத்து, அதையே குற்றமாக்கி அவர் முழங்குவதைக் கேட்டபடி கட்டடங்களுக்கு இடையே பறப்பது தனிச் சுகம்.

சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வட்டப் பொத்தான் விலகுவதற்கு, சதுரம் அடிப்பதற்கு, முக்கோணம் நூலைக் கட்டி இழுத்துப் பாய்வதற்கு. நன்றாக அடித்தால் நிறையும் ஒரு பட்டையைக் கொண்டு காயத்தை ஆற்றிக்கொள்ளலாம் அல்லது ஒருவனை ஒரே அடியில் வீழ்த்தலாம். அடிப்படையில் இதற்கு முந்தைய சூப்பர்ஹீரோ ஆட்டங்கள் போட்ட பாதைதான். ஆனால் ஒரு சிறு ஏற்பாடு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பல மாடி உயரமுள்ள ஒரு கூரையில் நடந்த சண்டையில் ஒருவனை உதைத்து விளிம்புக்கு வெளியே தள்ளிவிட்டேன். ஆள் தொலைந்தான் என்று எட்டிப் பார்த்தால், பாதி உயரத்தில் சுவரோடு சுவராக வலையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறான். நான் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. யாரையும் சாகவிடாதவன் என்ற அவனுடைய குணத்தை என் கையை மீறி ஆட்டமே காப்பாற்றிக்கொள்கிறது. நாயகன் கொல்ல மாட்டான் என்று வசனத்தில் சொல்லிவிட்டு, விளையாடுபவரின் கையால் நூறு பேரைக் கூரையிலிருந்து உருட்டிவிட அனுமதிக்கும் ஆட்டங்களுக்கு நடுவே இது பெரிய விஷயம். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பின்னால் வரும் அந்தக் கடைசி முடிவுக்கும் இதற்கும் உறவு இருப்பதுதான்.

கதை, பீட்டரைச் சிலந்தி கடித்த நாளிலிருந்து தொடங்காமல், எட்டு ஆண்டு அனுபவமுள்ள 23 வயது ஸ்பைடர்மேனாக அவனை அறிமுகப்படுத்துகிறது. கடந்த காலத்தை எல்லாம், ஊர் முழுக்க அவன் சுவர்களில் ஒட்டி மறந்துபோன 55 முதுகுப்பைகளுக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது உள்ளே இருக்கும் ஒரு பொருளும், அதைப் பற்றி அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஓரிரு வரிகளும் கிடைக்கின்றன. முதல் மிஷனிலேயே குற்ற உலகத் தலைவர் வில்சன் ஃபிஸ்க் சிறைக்குப் போகிறார். அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் மார்ட்டின் லீ நுழைகிறார். பகலில் ஆதரவற்றோருக்கு இல்லம் நடத்தும் கனவான், இரவில் மிஸ்டர் நெகட்டிவ் என்ற கும்பல் தலைவன். அந்த இல்லத்தில்தான் பீட்டரை வளர்த்த பெரியம்மா மே வேலை செய்கிறார். இந்தப் பகுதியெல்லாம் விறுவிறுப்பாகப் போகிறது என்றாலும், ஆட்டத்தின் உயிர் லீயிடம் இல்லை. அது ஓட்டோ ஆக்டேவியஸின் சிறிய ஆய்வகத்தில் இருக்கிறது.

ஸ்பைடர்மேனைப் பற்றிக் கொஞ்சம் கேள்விப்பட்டவருக்கும் ஓட்டோ, டாக்டர் ஆக்டோபஸ் என்ற வில்லனாக மாறப்போகிறார் என்பது தெரியும். ஆட்டத்துக்கும் நமக்கு அது தெரியும் என்பது தெரியும். ஆகவே அதை மர்மமாக வைக்க முயலாமல், நம்மை அந்த ஆய்வகத்தில் வேலைக்கு அமர்த்திவிடுகிறது. கை இழந்தவர்களுக்கான செயற்கைக் கைகளை உருவாக்கும் ஆராய்ச்சி அது. பீட்டர் அங்கே உதவியாளன். மின்சுற்றைச் சரியாக இணைப்பது, நிறமாலைக் கோடுகளைப் பொருத்துவது என்று சிறு புதிர்கள் வருகின்றன. அவை புதிர்களாகச் சுமார்தான். வேண்டாதவர்கள் அமைப்புகளில் போய் அவற்றைத் தவிர்த்துவிடவும் வழி இருக்கிறது. ஆனால் நான் தவிர்க்கவில்லை. நகரத்துக்கு மேலே பறந்துவிட்டு வந்து, ஒரு மேசையின் முன் நின்று, பணமில்லாமல் தத்தளிக்கும் ஒரு மனிதருக்காக ஒவ்வோர் இணைப்பாகச் செய்து கொடுப்பதில்தான் அந்த உறவு உருவாகிறது. ஓட்டோவுக்கு நரம்பு நோய் இருக்கிறது; உடல் அவரைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. மேயர் நார்மன் ஆஸ்போர்ன், ஒரு காலத்தில் அவருடைய கூட்டாளி, இப்போது ஆராய்ச்சியின் கழுத்தை நெரிக்கிறார். மூளையோடு நேரடியாக இணையும் அந்த இயந்திரக் கைகள் மனநிலையையே திரித்துவிடக்கூடும் என்று பீட்டர் எச்சரிக்கிறான். ஓட்டோ கேட்பதாக இல்லை. இதில் எந்த இடத்தில் அவர் கெட்டவரானார் என்று கோடு போட்டுக் காட்ட முடியாதபடி எழுதியிருக்கிறார்கள். நோயும் அவமானமும் நியாயமான கோபமும் அந்தக் கருவியும் சேர்ந்து செய்த காரியம் அது. அதில் என் விரல்கள் சரிசெய்து கொடுத்த சுற்றுகளும் அடக்கம்.

இவ்வளவு நுணுக்கமாக ஒரு மனிதரைப் பார்க்கத் தெரிந்த ஆட்டம், நகரத்தைப் பார்க்கும் விதத்தில் மட்டும் ஏனோ கண்ணை மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் ஆஸ்போர்னின் ஆஸ்கார்ப் நிறுவனத்தின் கண்காணிப்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அவற்றை ஒவ்வொன்றாக இயக்கி வைத்தால்தான் மேப் திறக்கும். குற்றங்களின் அறிவிப்பும் வரும். காவல்துறைக் கேப்டன் யூரி வாட்டனாபியோடு பேசும்போது, பீட்டர் ‘ஸ்பைடர் காப்’ என்று கரகரத்த குரலில் போலீஸ்காரனைப் போல நடித்துக் காட்டுவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் உள்ளவர்களை எல்லாம் ஒட்டுக்கேட்கும் ஒரு தனியார் வலைப்பின்னலைப் பழுதுபார்த்துக் கொடுப்பதில் இவனுக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் வருவதில்லை. பிற்பகுதியில் அதே ஆஸ்போர்ன், சில்வர் சேபிளின் கூலிப்படையை நகரத்துக்குள் இறக்கி, சோதனைச் சாவடிகள் அமைத்து, ஸ்பைடர்மேனையே வேட்டையாட விடுகிறார். சிறை உடைந்து கைதிகள் ஒரு பக்கம், சேபிளின் ஆட்கள் ஒரு பக்கம், பரவும் நோய் ஒரு பக்கம் என்று நகரம் சீரழிகிறது. அதுவரை எனக்குச் சொந்தமாக இருந்த வானத்தில் ஏவுகணைகள் துரத்த ஆரம்பிக்கின்றன. அந்தப் பகுதி எரிச்சலூட்டுகிறது, எரிச்சலூட்டவும் வேண்டும். ஆட்டத்தின் துணிச்சலான பகுதி அதுதான். ஆனால் அந்தக் கோபுரங்களுக்கும் இந்தச் சாவடிகளுக்கும் இடையே நீளும் கோட்டை ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. எழுதியவர்களுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் தவிர்த்தார்களா என்பது வேறு கேள்வி. விளையாடும் எனக்கு அது உறுத்தியது.

பீட்டரின் முன்னாள் காதலி மேரி ஜேனாகவும் மைல்ஸ் மொராலிஸ் என்ற பதின்வயதுப் பையனாகவும் பதுங்கிப் பதுங்கிப் போகும் மிஷன்களைப் பலரும் திட்டியிருக்கிறார்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். பத்திரிகையாளராக மேரி ஜேன் வருவது கதைக்கு நல்லது, ஆனால் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து காவலாளி திரும்பும்வரை காத்திருப்பதுதான் ஒரு பத்திரிகையாளரின் வேலை என்று யார் சொன்னது? கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் மட்டும், அவர் ஆளைச் சுட்டிக்காட்ட மேலே ஒளிந்திருக்கும் ஸ்பைடர்மேன் அவனைத் தூக்கிவிடும் ஏற்பாடு ரசிக்கும்படி இருக்கிறது. வில்லன்களை இரண்டிரண்டு பேராகக் கட்டித் தீர்த்துவிட்டதும் அவசரம்தான். எலெக்ட்ரோவும் வல்ச்சரும் ஒரு ஜோடி, ரைனோவும் ஸ்கார்ப்பியனும் ஒரு ஜோடி. சினிஸ்டர் சிக்ஸ் என்ற ஆறு வில்லன்களின் கூட்டணியாக அவ்வளவு முழக்கத்தோடு வந்தவர்களில் நாலு பேர் இரண்டு சண்டைகளில் காலி. பக்கவேலைகளில் பெரும்பாலானவை பட்டியலை நிரப்பும் சடங்குகள். அவற்றில் ஹோவர்ட் என்ற வீடற்ற பெரியவருக்காக அவர் வளர்த்த புறாக்களை வானத்தில் துரத்திப் பிடிக்கும் வேலை மட்டும் விதிவிலக்கு. ஊசலாட்டத்தில் நாம் எவ்வளவு தேறியிருக்கிறோம் என்பதற்கு அதைவிட நல்ல தேர்வு கிடையாது.

இனி அந்தக் கட்டம். ஓட்டோ பரப்பிய நோய் மேயையும் பிடித்துவிட்டது. ஓட்டோவை ஆஸ்கார்ப் நிறுவனத்தின் கட்டடத்தில் வீழ்த்திவிட்டு, மாற்று மருந்தோடு பீட்டர் வருகிறான். இருப்பது ஒரே ஒரு மாதிரி. அதை வைத்து மேலும் தயாரித்து நகரம் முழுவதற்கும் கொடுக்கலாம், ஆனால் அதற்கு நேரமாகும். அதற்குள் மே இறந்துவிடுவார். அவருக்குக் கொடுத்தால் மற்றவர்களுக்கு இல்லை. முகமூடியைக் கழற்றச் சொல்கிறார் மே. அவன் யாரென்று அவருக்குக் கொஞ்ச காலமாகவே தெரியும். மருந்தைக் கையில் எடுத்தவன் அதைக் கொடுக்க முடியாமல் அழுது உடைந்துபோகிறான். மே இறந்துவிடுகிறார்.

இன்றைய ஆட்டங்களின் வழக்கப்படி பார்த்தால், அந்த இடத்தில் திரை இரண்டாகப் பிரிந்து, சதுரத்தை அழுத்தினால் பெரியம்மா, வட்டத்தை அழுத்தினால் நகரம் என்று வந்திருக்க வேண்டும். அப்படி வந்திருந்தால் அது பீட்டரின் துயரமாக இல்லாமல் என்னுடைய கணக்காக ஆகியிருக்கும். எது சரி என்று யோசித்திருப்பேன். இரண்டையும் அழுத்திப் பார்க்கலாமே என்று முந்தைய சேமிப்புக்குத் திரும்பியிருப்பேன். ஆட்டம் எனக்கு அந்த வாய்ப்பைத் தரவில்லை. காட்சி தானாக ஓடுகிறது, கையில் இருக்கும் கன்ட்ரோலருக்கு வேலையே இல்லை. கூரையிலிருந்து விழுந்த அடியாளை என்னைக் கேட்காமல் சுவரில் ஒட்டிக் காப்பாற்றிய அதே குணம், இங்கேயும் என்னைக் கேட்கவில்லை. அவன் எப்படிப்பட்டவன் என்பதை எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அவன் முடிவு செய்துவிட்டான். அந்த முடிவில் எனக்குப் பங்கில்லை. எனக்குக் கொடுக்கப்பட்டது அவனுடைய உடல் மட்டுமே என்பது அந்த நிமிடத்தில்தான் புரிகிறது. விளையாடுபவரின் விருப்பமே எல்லாம் என்று நம்பும் ஒரு துறையில், விருப்பம் கேட்கப்படாத அந்தச் சில நிமிடங்களுக்கு இருக்கும் கனம், அதுவரை நான் ஓடிய ஓட்டத்தினால் வந்தது. அவ்வளவு தூரம் அவன் உடலோடு பறந்திராவிட்டால் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது இவ்வளவு வலித்திருக்காது.

அதற்குச் சற்று முன்னால், தோற்றுப்போன ஓட்டோவிடம் பேசும் காட்சியும் இதே தரம். முகமூடிக்குள் இருப்பவன் தன் மாணவன் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்று அங்கே வெளிப்படுகிறது. தெரிந்தே அவனைக் கொல்லத் துணிந்தவர், தோற்றதும் பழையபடி சேர்ந்து உழைக்கலாம் என்று கெஞ்சுகிறார். பீட்டர் அழுதுகொண்டே அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறான். கொல்லவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு ஆட்டம் சும்மா இருக்குமா? கல்லறைத் தோட்டத்தில் பெரியப்பா பென்னின் கல்லறைக்கு முன் நின்று பொத்தானை அழுத்தி மரியாதை செலுத்தினால் ஒரு ட்ரோஃபி கிடைக்கிறது. துக்கத்துக்குக் கோப்பை கொடுக்கும் இந்தத் துறையின் பழக்கத்தைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டுதான் வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கணினிப் பதிப்பில் 2018-இன் கடைசி மாதங்களில் வந்த மூன்று கூடுதல் அத்தியாயங்களும் சேர்ந்தே வருகின்றன. பிளாக் கேட் என்ற திருடி வரும் முதலாவது இலகுவானது. மாஃபியாத் தலைவன் ஹேமர்ஹெட்டை மையமாகக் கொண்ட இரண்டாவதில் சண்டைகள் நீண்டுகொண்டே போய் அலுப்பூட்டுகின்றன. ஆனாலும் அதைத் தவறவிட வேண்டாம் என்பேன், காரணம் கேப்டன் வாட்டனாபி. தன் ஆட்களை ஹேமர்ஹெட்டின் கும்பலிடம் பறிகொடுத்த பிறகு, சட்டத்தின் பெயரால் பேசிக்கொண்டிருந்தவர் சட்டத்துக்கு வெளியே நகரத் தொடங்குகிறார். ‘ஸ்பைடர் காப்’ கேலிகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன அதே குரல் இறுகிப்போவதைக் கேட்கும்போது, முதன்மைக் கதை கோபுரங்களின் அடியில் விட்டுவிட்டு வந்த கேள்வியை இங்கே யாரோ ஒருவர் நினைவுபடுத்திக்கொண்டு திரும்பியிருக்கிறார் என்று தோன்றியது. அவர் விட்டுச்செல்லும் ஒலிப்பதிவுகள் மூன்றாவது அத்தியாயத்தில் சிதறிக் கிடக்கின்றன. மேப்பில் மற்றக் குறிகளோடு குறியாகத்தான் தெரியும். சேபிளின் கதையை முடிக்கும் அவசரத்தில் அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.